உங்களுக்குத் தெரியுமா? மாத்தளைத் தோட்டத்துப் பிள்ளையும் பொறியியல் படிப்பும்

உயர்தரப் பெறுபேறு வெளிவரும் காலத்தில் மாத்தளைத் தோட்டங்களில் ஒரு கேள்வி வீட்டுக்கு வீடு கேட்கும்: "எஞ்சினியருக்குப் படிக்க வைக்க எவ்வளவு ஆகும்?" கேட்கிற தாய் தகப்பனுக்கு யாரும் உட்கார்ந்து பதில் சொல்வதில்லை. வண்ணத் துண்டுப்பிரசுரத்தோடு வருகிறவர் சொல்லும் தொகைதான் கடைசியில் பதிலாக நிலைத்துவிடுகிறது. அதனால் இம்முறை இந்தப் பகுதி முழுவதும் அந்தக் கேள்விக்கே.

● அரச பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கக் கல்விக் கட்டணம் இல்லை. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1945இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த இலவசக் கல்வியின் பயன் அது. பேராதனையிலும் மொறட்டுவையிலும் நான்கு ஆண்டு படித்துப் பொறியியலாளராக வெளியே வருகிற பிள்ளை விரிவுரைக்கென்று காசு கட்டுவதில்லை. செலவு போர்டிங்கிலும் சாப்பாட்டிலும் பஸ்ஸிலும்தான். அதைத் தாங்குவது வேறு கணக்கு. அதற்குக் கீழே வருவோம்.

● தனியார் நிறுவனத்தில் ஒரு பொறியியல் பட்டத்துக்கு 20 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயமானது. அந்தச் சம்பளத்தில் 20 இலட்சம் என்பது 1,481 நாள் உழைப்பு. மாதத்துக்கு 25 நாள் வேலை கிடைத்துப் பேர் விழுந்தாலும் ஏறத்தாழ ஐந்து வருடம், ஒரு பிடி அரிசி கூட வாங்காமல், சேர்க்க வேண்டிய பணம். அடகு வைக்கவோ கடன் வாங்கவோ கிளம்புவதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு கடதாசியில் போட்டுப் பாருங்கள்.

● நாட்டின் முதலாவது பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் மாத்தளைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 1950இல் கொழும்பில் தொடங்கி, 1964இல் பேராதனைக்கு இடம் மாறியது. மாத்தளையிலிருந்து கண்டி 26 கிலோமீற்றர். அங்கிருந்து பேராதனை இன்னும் சில கிலோமீற்றர். மாத்தளை ரயில் பாதை 1880இல் போடப்பட்டது. கோப்பியை இறக்கத்தான் அதைப் போட்டார்கள். அதே பாதையில், கண்டியைத் தாண்டிப் பல்கலைக்கழகத்துக்கென்றே 'சரசவி உயன' என்றொரு நிலையம் இருக்கிறது.

நமது தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் கண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும். அதற்கு அப்பால் ஆறு கிலோமீற்றரில் இருக்கும் இந்தப் பீடத்தைப் பார்த்தவர்கள் அரிது. ஒன்பதாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒருமுறை அங்கே கூட்டிப்போய்க் காட்டுவது எந்தக் கருத்தரங்கையும்விடப் பயன் தரும் என்று நான் நம்புகிறேன்.

● மாத்தளை நகரை ஊடறுத்துப் போகும் ஏ9 வீதியில் தெற்கே போனால் கண்டி, அதைத் தாண்டினால் பேராதனைப் பொறியியல் பீடம். அதே வீதியில் வடக்கே போனால் கிளிநொச்சி, அறிவியல் நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் அங்கே 2014இல் முதல் அணி மாணவரைச் சேர்த்துக்கொண்டது.

இந்த வடக்கு வழி நமக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே நடந்து மலைநாட்டுக்கு வந்து சேர்ந்த இடம் மாத்தளை. வழியில் வாந்திபேதியிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஏராளம். 2023இல், மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டை நினைந்து, தலைமன்னாரில் ஜூலை இறுதியில் புறப்பட்ட நடைபவனி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. 1950களுக்குப் பிறகு, குறிப்பாக 1977, 1983 வன்செயல்களின் பின், மலையகக் குடும்பங்கள் வடக்கு நோக்கி இடம்பெயர்ந்தன. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று வாழ்கிறார்கள். "கிளிநொச்சி தூரம், ஆள் தெரியாத இடம்" என்று தயங்கும் மாத்தளைப் பெற்றோருக்கு இதைச் சொல்ல வேண்டும். அங்கே உங்கள் சொந்தக்காரர் யாராவது இருக்கக்கூடும், விசாரியுங்கள்.

● காலியில் றுகுணு, ஒலுவிலில் தென்கிழக்கு, இரத்மலானையில் ஸ்ரீ ஜயவர்தனபுர ஆகிய பல்கலைக்கழகங்களின் பொறியியல் பீடங்களும் இலவசமே. எல்லாவற்றிலும் கற்பிக்கும் மொழி ஆங்கிலம்.

● பல்கலைக்கழக அனுமதியில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைக்குப் போகின்றன. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதப்படி பகிரப்படுகிறது. எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, மொனராகலை, வடக்கு கிழக்கு மாவட்டங்கள் என்று அந்தப் பட்டியலில் 16 மாவட்டங்கள் இருக்கின்றன.

மாத்தளை அந்தப் பட்டியலில் இல்லை.

இது நமது பிள்ளைகளுக்கு என்ன அர்த்தம்? இறத்தோட்டைப் பக்கத்து லயத்தில் விளக்கு வெளிச்சத்தில் படிக்கிற பிள்ளையும் மாத்தளை நகரின் வசதியான பாடசாலையில் படிக்கிற பிள்ளையும் ஒரே மாவட்ட வரிசையில் நிற்கிறார்கள். நுவரெலியாத் தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் அந்தச் சிறு மேலதிக வாய்ப்பு மாத்தளைத் தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடையாது. இரு பிள்ளைகளின் பெற்றோரும் ஒரே சம்பளம் வாங்குகிறவர்கள். மாவட்டத்தை அலகாக எடுத்தால் மாவட்டத்துக்குள்ளே இருக்கும் ஏற்றத்தாழ்வு மறைந்துபோகிறது. இதை நமது அரசியல் பிரதிநிதிகள் உரத்துப் பேசவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று: உங்கள் மாவட்டம் எது என்பதைத் தீர்மானிப்பதில் உயர்தரத்துக்கு முந்திய ஆண்டுகளில் படித்த பாடசாலை எங்கே இருக்கிறது என்பது கணக்கில் எடுக்கப்படுகிறது. நல்ல ரியூசனுக்காகப் பிள்ளையைக் கண்டிக்கோ கொழும்புக்கோ பாடசாலை மாற்ற நினைப்பவர்கள், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் மாவட்டம் பற்றிய பந்தியை முதலில் வாசித்துவிட்டு முடிவெடுங்கள். கண்டி, கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளிகளோடு மாத்தளை வெட்டுப்புள்ளியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

● வெட்டுப்புள்ளியைச் சொல்லும் இசட் புள்ளி முறை 2001இல் வந்தது. மொத்தப் புள்ளியைக் கூட்டுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு பாடத்திலும் மற்றப் பரீட்சார்த்திகளின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு மேலே நிற்கிறீர்கள் என்பதை அது அளக்கிறது. கடினமான பாடத்தில் எடுத்த 'பி', இலகுவான பாடத்தின் 'ஏ'யைவிடச் சில வேளை பெறுமதி கூடும்.

● ஒரு பிள்ளையின் பொறியியல் வாய்ப்பு பெரும்பாலும் 16 வயதிலேயே தீர்மானமாகிவிடுகிறது. காரணம், பாடசாலையின் தரம்.

இலங்கையில் அரச பாடசாலைகள் நான்கு வகை. 1ஏபி பாடசாலையில்தான் உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுகள் உண்டு. 1சி பாடசாலையில் உயர்தரம் இருந்தாலும் கலையும் வர்த்தகமும்தான். வகை 2 பாடசாலை சாதாரண தரத்தோடு நின்றுவிடும்; வகை 3 ஆரம்பப் பிரிவுகளோடு. தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் கடைசி இரு வகைகளில் அடங்கும். 1945இல் நாட்டுக்கே இலவசக் கல்வி வந்தபோதும் அவை தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே இருந்தன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில்தான். ஏறத்தாழ ஒரு தலைமுறை பிந்தித் தொடங்கிய ஓட்டம் இது.

ஆகவே சாதாரண தரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல சித்தி எடுத்த பிள்ளை, தன் தோட்டத்தை விட்டு நகரத்துப் பாடசாலைக்கு வந்தே ஆக வேண்டும். மாத்தளையில் இந்து தேசியக் கல்லூரியும் பாக்கியம் தேசியக் கல்லூரியும் பெயர் சொல்லக்கூடிய தமிழ் மொழிப் பாடசாலைகள். எல்கடுவையிலிருந்தோ இறத்தோட்டைக்கு மேலிருந்தோ வருகிற பிள்ளை விடியும் முன் எழும்பி, தோட்டத்துப் பாதையில் நடந்து இறங்கி, பஸ் பிடித்து வகுப்புக்கு வந்து சேரவேண்டும். மழைக்காலத்தில் பாதை சரிந்தால் அன்று இணைந்த கணிதம் போயிற்று. பெண் பிள்ளை என்றால் வீட்டில் வேறு கவலையும் சேர்ந்துகொள்ளும். "கலைப் பிரிவு போதும், பக்கத்துப் பாடசாலையிலேயே படிக்கட்டும்" என்ற பேச்சு அங்கே தொடங்குகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் கணக்கை விட்டுவிடுவது உயர்தரப் பிரிவைத் தெரிவுசெய்யும் அந்த ஒரு வாரத்தில்தான். அந்த வாரத்தில் ஓர் ஆசிரியர் லயத்துக்குப் போய்த் தாய் தகப்பனோடு பேசினால் நிலைமை மாறும். பேசிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த விருதும் கிடைப்பதில்லை.

● பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றிலும் சித்தி வேண்டும். அதோடு உயர்தரத்தோடு நடக்கும் பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை மட்டுமே தோற்றலாம்.

● உங்கள் பாட்டனார் ஏன் பொறியியலாளர் ஆகவில்லை? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. குடியுரிமை இல்லாதவருக்கு அரச வேலை இல்லை. அரச வேலை இல்லாத காலத்தில் பொறியியல் படிப்புக்கு அர்த்தமும் குறைவு. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்தவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் எஞ்சியிருந்த தடையை நீக்கியது.

● மகாபொல புலமைப்பரிசில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது; முன்னெடுத்தவர் லலித் அத்துலத்முதலி. 2025 வரவு செலவுத் திட்டம் அதன் மாதத் தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பர்சரி உதவுதொகையை 4,000இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தியது. போர்டிங் வாடகைக்கே சரியாகப் போய்விடும். ஆனால் கிடைக்கும் பிள்ளைக்கும் கிடைக்காத பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம், மூன்றாம் வருடத்தில் படிப்பை விடாமல் இருப்பதா விடுவதா என்பதாகக்கூட ஆகலாம்.

இதற்கு வருமான அத்தாட்சி வேண்டும். கிராம உத்தியோகத்தரின் கையெழுத்து, பிரதேச செயலகத்தின் மேலொப்பம், தோட்டக் காரியாலயத்திலிருந்து சம்பள விபரம். இறப்பர் பால் வெட்டப் போகிற தகப்பன் ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு நாள் பேரை விட வேண்டியிருக்கிறது. காரியாலயத்தில் "நாளைக்கு வாங்க" என்றால் இரண்டு நாள். ஆகவே பெறுபேறு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பரீட்சை முடிந்து பிள்ளை வீட்டில் இருக்கும் மாதங்களிலேயே பிறப்பத்தாட்சிப் பத்திரம், பெற்றோரின் திருமணப் பதிவு, அடையாள அட்டை என்று எல்லாவற்றையும் ஒரு கோவையில் சேர்த்துவிடுங்கள். பிறப்பத்தாட்சியில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருப்பது தோட்டங்களில் மிகச் சாதாரணம். தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதி, அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்து மாறிவிடும். திருத்த மாதக்கணக்கில் ஆகும்.

● தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே ஒரு புலமைப்பரிசில் நிதியம் 1947 முதல் இருக்கிறது. பெயர் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம். கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகம் வழியாக இது நடக்கிறது. உயர்தரம் படிப்போரும் பல்கலைக்கழகம் போவோரும் விண்ணப்பிக்கலாம். மகாபொல வாங்கத் தேவைப்படும் அதே கடதாசிகள் இதற்கும் உதவும்.

● தோட்டத்து லயங்களுக்கு நீண்ட காலமாகத் தனித்தனி முகவரி இருக்கவில்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும்; அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தர வேண்டும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்து கையில் கிடைத்த கதையைச் சொல்லாத தோட்டம் மலையகத்தில் இராது. இப்போது விண்ணப்பம் இணையவழி. பிள்ளையின் சொந்தத் தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் கொடுங்கள். விண்ணப்பம் நிரப்பித் தரும் கடைக்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

● உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் ஆரம்பமானது. பொறியியற் தொழினுட்பவியல், தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம் ஆகிய பாடங்களோடு இன்னொரு பாடம். இணைந்த கணித ஆசிரியர் இல்லாத பிரதேசத்துப் பிள்ளைகளுக்கு இது ஒரு வாசல். இதன் வழி கிடைப்பது பொறியியற் தொழினுட்பப் பட்டம். கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடம் உட்படப் பல இடங்களில் உண்டு. இந்தப் பட்டமும் பொறியியற் பட்டமும் ஒன்றல்ல. பதிவும் வேலைத் தரமும் வேறு. தெரிந்துகொண்டு போனால் பின்னால் மனம் கசக்காது.

● வெட்டுப்புள்ளி தவறினால் கதை முடிந்துவிட்டதா? இல்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப நிறுவகம் ஹோமாகம, தியகமையில் தேசிய தொழினுட்ப டிப்ளோமாவை நடத்துகிறது. ஒரு பகுதி நேரடித் தொழிற்சாலைப் பயிற்சி. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான உயர் தொழினுட்பக் கல்வி நிறுவகம் பொறியியலில் உயர் தேசிய டிப்ளோமா தருகிறது. கணிதப் பிரிவில் சாதாரண சித்தி எடுத்த பிள்ளையும் விண்ணப்பிக்கலாம், முழுநேரப் படிப்புக்குக் கட்டணம் இல்லை.

உயர்தரமே சரியாக அமையாதவர்களுக்கும் வழி இருக்கிறது. தேசிய தொழிற்றகைமை ஒன்றாம் மட்டத்திலிருந்து ஏழாம் மட்டம்வரை படிப்படியாக ஏறலாம். ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். அந்த ஏழாம் மட்டத்துக்கென 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் இரத்மலானையில் வாழ்க்கைத்தொழில் தொழினுட்பப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஜேர்மன் உதவியோடு 1959இல் தொடங்கிய மொறட்டுவை இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் படித்த மெக்கானிக்குகளை நாடு முழுவதும் தேடி வேலைக்கு எடுக்கிறார்கள். தோட்டத்துப் பெற்றோர் இந்த வழியை ஏதோ இரண்டாந்தரமாகப் பார்ப்பது எனக்கு வருத்தம் தருகிறது. கையில் சம்பளத்தோடு மேலே படிக்கும் பிள்ளை யாரிடமும் கடன்படாது.

● திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. வேலை செய்துகொண்டே பொறியியல் பட்டம் படிக்கலாம். கட்டணம் உண்டு, ஆனால் பாடம் பாடமாகக் கட்டலாம். ஆய்வுகூட வேலைக்கு அதன் நாவலை வளாகத்துக்குப் போய்வர வேண்டியிருக்கும். நீண்ட பயணம், பொறுமை வேண்டும்.

● தனியார் நிறுவனத்தில் பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்தப் பட்டத்தை இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் அங்கீகரித்திருக்கிறதா? எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டுவரை?" தொகையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

1906இல் தோன்றிய அந்த நிறுவனம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரானது. 1989இல் ஆறு நாடுகள் தொடங்கிய உடன்படிக்கை அது; ஒரு நாடு அங்கீகரித்த பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகள் சமமாக ஏற்கும். அவுஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ வேலை தேடிப் போகும்போது முதலில் பார்ப்பது இதைத்தான். உள்நாட்டிலும் 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் பொறியியற் சபையை உருவாக்கி, பொறியியல் தொழில் செய்வோர் பதிவுசெய்ய வேண்டும் என்றாக்கியது. அங்கீகாரம் இல்லாத மலிவான பட்டம், பிற்பாடு மிக விலையுயர்ந்த பட்டமாகிவிடும்.

"அங்கீகாரம் வந்துகொண்டிருக்கிறது" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். "வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம்" என்றால் அந்தப் பல்கலைக்கழகம் எது, கடைசி ஆண்டை எங்கே படிக்கிறோம், இறுதிப் பரீட்சைக் கட்டணம் எந்த நாணயத்தில் என்று கேளுங்கள். 2022இல் ரூபா விழுந்தபோது, பவுணில் கட்ட வேண்டியிருந்த குடும்பங்களின் சுமை ஒரே வருடத்தில் எகிறியது. தொழிற்பயிற்சி நிறுவனம் என்றால் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

● அங்கீகரிக்கப்பட்ட சில தனியார் பட்டப்படிப்புகளுக்கு அரசின் வட்டியில்லாக் கடன் 2017 முதல் உண்டு. உயர்தரத்தில் சித்தியடைந்து அரச பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத பிள்ளைகளுக்கானது. தவணை கட்டத் தொடங்குவது படிப்பு முடிந்த பிறகு. தரகரின் வட்டிக் கடனுக்குக் கையெழுத்திடும் முன் இதை விசாரியுங்கள்.

● இந்தியாவில் படிக்க நினைப்பவர்களுக்கு: நேரு நினைவுப் புலமைப்பரிசிலும், தகவல் தொழினுட்பத்தில் பி.டெக். படிக்க ராஜீவ் காந்தி புலமைப்பரிசிலும் இந்தியத் தூதரகம் வழியாக வருடந்தோறும் அறிவிக்கப்படுகின்றன. இந்தியாவும் 2014இல்தான் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. அங்கே எல்லாப் பொறியியல் கல்லூரிக்கும் அது பொருந்தாது. தேசிய அங்கீகார வாரியத்தின் முதல் அடுக்கில் அங்கீகாரம் பெற்ற பாடநெறிக்கே பொருந்தும். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. "சென்னைப் பக்கம் காலேஜ்" என்ற சொல்லை மட்டும் நம்பி விமானம் ஏற வேண்டாம்.

● தமிழ்நாட்டு அகதி முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு 2021 ஆகஸ்டில் மாநில அரசு 317.40 கோடி இந்திய ரூபா மதிப்பில் திட்டங்களை அறிவித்தது. அதில் ஒன்று: பொறியியலில் சேரும் முகாம் மாணவர்களில் மதிப்பெண் வரிசையில் முதல் 50 பேருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பது. அந்த முகாம்களில் மலையகத்திலிருந்து வன்னிக்கும், வன்னியிலிருந்து கடல் கடந்தும் போன குடும்பங்களும் இருக்கின்றன.

இப்போது அவர்களில் சிலர் திரும்பி வருகிறார்கள். பிள்ளை அங்கே பிறந்து, பிளஸ் டூ முடித்து, வாழ்நாளில் முதன்முறையாக இலங்கையைப் பார்க்கிறது. அந்தப் பிள்ளைக்கு முதல் தேவை கல்லூரியல்ல, குடியுரிமைச் சான்று. இலங்கைப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பைப் பதிவுசெய்து குடியுரிமை பெறவேண்டும். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலேயே இதை முடித்துக்கொண்டு கப்பலோ விமானமோ ஏறினால் அலைச்சல் பாதி குறையும். இந்திய வம்சாவளியினருக்கான 2003ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியாவுக்கு அகதியாகப் போயிருந்தவர்களை மனதில் வைத்து 2009இல் திருத்தப்பட்டது.

குடியுரிமை கையில் வந்தபின் இரண்டு வழி. ஒன்று, இங்கே தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரத்துக்குத் தோற்றுவது. தமிழ்மொழியில் எழுதலாம் என்றாலும் இணைந்த கணிதத்தின் பாடத்திட்டம் பிளஸ் டூவிலிருந்து வேறுபட்டது. ஒரு வருடமாவது அதற்கென்று ஒதுக்க வேண்டும். மற்றது, வெளிநாட்டுப் பரீட்சைத் தகைமையோடு விண்ணப்பிக்கும் இலங்கையருக்கென ஒவ்வொரு பாடநெறியிலும் வைக்கப்படும் 0.5 வீத இடம். மிகச் சிறிய கதவு, அதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஆனாலும் கதவுதான். திரும்பி வந்த பிள்ளையிடம் "உங்க மார்க் ஷீட் இங்க செல்லாது" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடுகிறவர்கள், தயவுசெய்து இதை அறிந்துகொள்ளுங்கள்.

● தமிழ்மொழியில் உயர்தரம் படித்த பிள்ளை முதல் வாரத்தில் ஆங்கில விரிவுரையில் திணறும். எல்லோரும் திணறுவார்கள், சிங்களமொழிப் பிள்ளையும் அப்படித்தான். பீடங்களில் ஆரம்பத்தில் ஆங்கிலப் பயிற்சி வகுப்புகள் உண்டு. பேராதனையில் முதலாண்டு எல்லோருக்கும் பொது. சிவில், மின், இயந்திரவியல் என்ற பிரிவு அதன் பிறகுதான், முதலாண்டுப் பெறுபேற்றைப் பொறுத்து. ஆகவே முதலாண்டு ஆங்கிலத் தடுமாற்றம் பிரிவுத் தெரிவையே பாதிக்கும். உயர்தரம் முடிந்து அனுமதி வரும்வரை கிடைக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள்.

● பகிடிவதை சட்டப்படி குற்றம். 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்துப் புதுமுகத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் பின் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. "நம்ம பிள்ளை லயத்துப் பிள்ளை, பொறுத்துப் போகணும்" என்று யாரும் சொல்லிக் கொடுக்காதீர்கள். முறைப்பாடு செய்யலாம், செய்ய வேண்டும்.

● உக்குவளைக்குப் போனவர்கள் மின் நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலையைக் குடைந்த ஏறத்தாழ 8 கிலோமீற்றர்ச் சுரங்கத்தால் தண்ணீரைத் திருப்பி, 1976இல் அதை இயக்கினார்கள். தண்ணீர் அங்கிருந்து சுது கங்கையில் சேர்ந்து வடக்கே வயல்களுக்குப் போகிறது. மாவட்டத்தின் வடகிழக்கில் மொரகஹகந்த நீர்த்தேக்கம். அதற்குப் பொறியியலாளர் ஏ.என்.எஸ். குலசிங்கவின் பெயரை வைத்திருக்கிறார்கள். சிவில், மின், இயந்திரவியல் மூன்றும் ஒன்றுகூடும் இடங்கள் இவை, நம் பிள்ளைகளின் வீட்டு வாசலில்.

● உலகம் முழுவதும் மண் பொறியியல் படிப்போர் 1963இல் ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா மூவரும் வெளியிட்ட களிமண் பற்றிய ஆய்வுக் கட்டுரையை இன்றும் படிக்கிறார்கள். மூன்றாமவர் அழகையா துரைராஜா. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து, நாடு திரும்பிப் பேராதனையில் பீடாதிபதியானவர். 1988 முதல் 1994இல் மறையும்வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்.

● பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு பாடநெறிக்கும் தனிக் குறியீடு உண்டு. பலர் செய்யும் பிழை, சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து, கிடைக்கும் என்று தோன்றுவதை மேலே போடுவது. முறை அப்படி இயங்குவதில்லை. உங்கள் இசட் புள்ளிக்கு எட்டக்கூடியவற்றுள் உங்கள் வரிசையில் எது மேலே இருக்கிறதோ அதுவே வரும். மேலே ஆசைப்பட்டதைப் போட்டதற்காகக் கீழே உள்ளதை யாரும் பறிப்பதில்லை. பேராதனை வேண்டும் என்றால் பேராதனையை முதலில் எழுதுங்கள், கிளிநொச்சியை அடுத்து எழுதுங்கள். விண்ணப்பத்தை நிரப்பும்போது பிள்ளை தானே உட்கார்ந்து நிரப்பட்டும். ஒரு குறியீட்டு இலக்கம் பிசகினால் வேறு பாடநெறி வந்துவிடும்.